பாளை ரசிகன்

ஜூன் 5, 2023, திங்கள்

இன்று இரண்டாவது ஷிஃப்டில் புதிதாக ஒருவர் வந்தார். பெயர் ரூபவதி, வயது முப்பத்தொன்று. இங்கே பாளையங்கோட்டையிலேயே ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. திங்கள், புதன், வெள்ளி வரவேண்டும். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம்.

ஊசியைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"வலிக்குமா சார்?"

"வலிக்கும் மேடம். ரெண்டு ஊசி. ஆனா ஒவ்வொண்ணும் ஒரே தடவதான் குத்துவேன். ரெண்டாந்தடவ குத்த வேண்டியது வராது."

வரவில்லை. பதினோரு வருடமாக டயாலிசிஸ் டெக்னீஷியனாக இருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

இயந்திரம் ஓட ஆரம்பித்ததும் வழக்கம்போல ஸ்பீக்கரைப் போட்டேன். என் பென் டிரைவில் ஆறாயிரம் பாட்டுக்கு மேல் இருக்கிறது. எட்டுப் படுக்கைக்கும் எட்டு விதமான ரசனை, எல்லோருக்கும் ஏதாவது கிடைக்கும். மூன்றாம் படுக்கை சவரிமுத்து அண்ணாச்சிதான் நிரந்தர விருப்பக்காரர். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். டிக்கெட் கேட்கிற குரலிலேயே பாட்டும் கேட்பார்.

ரூபவதி கேட்டார், "இதெல்லாம் வாங்கினதா சார்?"

"பாட்ட யாராவது வாங்குவாங்களா மேடம்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

ஜூன் 9, வெள்ளி

டெலிகிராம் குழுவில் பதினான்காயிரம் பேர் தாண்டிவிட்டோம். நேற்று நான் ஏற்றிய எழுபதுகளின் தொகுப்புக்கு இதுவரை அறுநூறு இதயக்குறி. துபாயிலிருந்து ஒருவர், "ரசிகரே, நீங்க மனுசன் இல்ல, தெய்வம்" என்று எழுதியிருக்கிறார். மனைவி லீலாவிடம் காட்டினேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் நிமிராமல், "தெய்வம் போயி ஒரு பால் பாக்கெட் வாங்கிட்டு வரட்டும்" என்றாள்.

இலவசமாக இறக்குவது திருட்டு என்று சொல்கிறவர்களுக்கு என்னிடம் எப்போதும் ஒரே பதில்தான். பாடினவருக்கு அன்றைக்கே கூலி கொடுத்தாயிற்று. மிச்சமெல்லாம் கம்பெனிக்காரனுக்குப் போகிறது. அவனுக்கு என் இருபது ரூபாய் எதற்கு? நான்கு மணி நேரம் குழாயோடு படுத்துக் கிடக்கிற மனுஷனுக்கு ஒரு பாட்டு போட்டுக் காட்டினால் எந்தச் சாமி கோபித்துக்கொள்ளும்?

ஸ்பீக்கர் மட்டும் என் சொந்தக் காசு. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 14, புதன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பதினொரு மணி இருக்கும். ஸ்பீக்கரில் சார்ஜ் இல்லை. சவரிமுத்து அண்ணாச்சி தன் போனிலேயே ஒரு பாட்டைப் போட்டார். பெரிய பேருந்து நிலையத்தில் வண்டிக்குக் காத்திருக்கிற பெண்ணைப் பற்றிய பாட்டு. 'கடைசி வண்டியும் போன பின்னே யாருக்காக விளக்கெரியுது' என்று தொடங்கும். சினிமாப் பாட்டு இல்லை. 'மாற்றுச் சாவி' என்று ஒரு சிறிய குழு, எட்டே பாட்டு. அட்டையில் ஒரு பூட்டின் படம் மட்டும் இருக்கும். பாடினவர் பெயர்கூடக் கிடையாது.

ஐந்தாம் படுக்கையில் ரூபவதி கண்ணை மூடிக்கொண்டார். கால் பிடித்து இழுக்கிறதோ என்று பக்கத்தில் போனேன். முகத்தில் கண்ணீர்.

"மேடம், என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல சார். இது நான் பாடினது."

சவரிமுத்து அண்ணாச்சி ஊசி போட்ட கையோடு எழுந்திரிக்கப் பார்த்தார். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். "ஏம்மா, நீயா? சாமி சத்தியமாவா? இருநூறு தடவ கேட்டிருப்பேன்மா. பொஞ்சாதி செத்த பெறவு இதத்தான் போட்டுக்கிட்டுக் கெடப்பேன். கண்டக்டர் வேலைக்கே மரியாத பண்ணின பாட்டுல்லா இது!"

ரூபவதி சிரித்தார். பிறகு கேட்டார், "ஒங்களுக்கு இது எங்க கெடச்சுது அண்ணாச்சி?"

"நம்ம ஞானதுரைத் தம்பிதான் ஏத்தித் தந்தாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "டெலிகிராம்ல கெடந்துது மேடம்" என்றேன்.

"தெரியும்" என்றார். "பாளை ரசிகன்னு ஒருத்தன் போட்டான். எங்க வெப்சைட்ல போட்டு அஞ்சாவது வாரம். அது வரைக்கும் தெனம் நாலு பேர், அஞ்சு பேர் வாங்குனாங்க. அன்னையோட நின்னு போச்சு." மறு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பேரப் பாத்தா நம்ம ஊர்க்காரன் போல. அதான் ரொம்ப வலிச்சுது."

நான் அவர் கையில் ஊசி போட்ட இடத்தில் இரத்தம் கசிகிறதா என்று பார்த்தேன். கசியவில்லை.

ஜூன் 16, வெள்ளி

ரூபவதிக்கு எடை இரண்டு கிலோ கூடுதல். தண்ணீர் அதிகம் குடிக்க வேண்டாம் என்று சொன்னேன். இன்று ஸ்பீக்கர் எடுத்துப்போகவில்லை.

ஜூன் 18, ஞாயிறு

கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் லீலாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்தால் இந்த நோட்டிலும் எழுத முடியாது போலிருந்தது.

பாளை ரசிகன் நான்தான்.

லீலா கையிலிருந்த பைபிளை மேசையில் வைத்தாள். பிறகு, "அந்தப் பொண்ணு பேரு ரூபவதிதானே?" என்றாள்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"என் கார்டு போட்டு, என் மெயில் குடுத்துதான வாங்குனீங்க? எனக்கு ஒரு கடிதம் வந்துது. பாளையங்கோட்டைல இருந்து வாங்குன மொத ஆள் நான்தானாம். ரொம்ப சந்தோசம் அக்கான்னு எழுதியிருந்தா. நானும் பதில் போட்டேன்."

எனக்கு இது தெரியாது. நான் அன்றைக்குப் பாட்டை இறக்கினேன், குழுவில் ஏற்றினேன், தூங்கப் போனேன்.

காசு கொடுத்து வாங்கியவன் ஏன் இலவசமாகப் போட்டேன் என்று நானே எனக்கொரு விளக்கம் சொல்லிக்கொள்வேன். நல்ல பாட்டு, நாலு பேர் கேட்கட்டும் என்று. அதையே லீலாவிடமும் சொன்னேன்.

"நாலு பேர் கேக்கணும்னா நாலு பேருக்கு அந்த வெப்சைட்டச் சொல்லியிருக்கலாமே" என்றாள். "வேற யார்ட்டயும் இல்லாத பாட்டு ஒங்ககிட்ட இருக்குன்னு காட்டணும். அதுக்குத்தான் காசு குடுத்தீங்க."

நான் ஆஸ்பத்திரியில் யார் என்று அவளுக்குத் தெரியும். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது நோயாளியிடம் பேசுவார், நர்ஸிடம் பேசுவார், இயந்திரத்தைப் பார்ப்பார். அதற்குப் பக்கத்தில் நிற்கிற என்னைப் பார்க்க மாட்டார். அதை அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூன் 21, புதன்

சொல்லிவிடலாம் என்றுதான் போனேன்.

ஊசி போடுவதற்கு முன்னால் சொன்னால், சொன்ன மறு நிமிடம் என்னிடமே கையை நீட்ட வேண்டும். இயந்திரம் ஓடும்போது சொன்னால், பிடிக்காவிட்டாலும் எழுந்து போக முடியாது. நான்கு மணி நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். முடிந்த பிறகு சொன்னால், இரத்த அழுத்தம் இறங்கி நிற்கவே தள்ளாடுகிறவரிடம் எதைச் சொல்வது?

இந்த அறையில் எந்த நேரத்தில் சொன்னாலும் அது என் பக்கம் சாய்ந்ததாகவே இருக்கும்.

இன்று அவராகவே பேசினார். ஆல்வின் என்று ஒரு நண்பர், கிட்டார் வாசிப்பவர். எட்டுப் பாட்டுக்கும் இசை கோத்தது அவர்தான். கூலி வாங்கவில்லை. விற்றால் பங்கு என்று பேச்சு. விடுமுறை நாட்களையெல்லாம் சேர்த்து வைத்து, மதுரையில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் மூன்று வருடம் செய்திருக்கிறார்கள். விற்பனை நின்றதும் ஆல்வின் ஓசூரில் வேலைக்குப் போய்விட்டார்.

"சண்ட ஒண்ணும் இல்ல சார். போன்ல பேசுவான். பாட்டப் பத்தி மட்டும் பேச மாட்டான். அடுத்த தொகுப்புக்குப் பாதி மெட்டு போட்டு வச்சிருந்தோம். அப்படியே கெடக்கு."

கம்பெனிக்காரன், கம்பெனிக்காரன் என்று இத்தனை வருடம் சொன்னேன். இந்தப் பாட்டுக்குக் கம்பெனியே இல்லை.

ஜூன் 22, வியாழன்

அரை நாள் லீவு போட்டுவிட்டு நூலகத்துக்குப் போனேன். லீலாவும் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன்.

ரூபவதி கவுண்டருக்குப் பின்னால் நின்று புத்தகங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். நின்ற நிலையில் அவரை இன்றுதான் சரியாகப் பார்க்கிறேன். என்னைவிட உயரம்.

"சார், நீங்க எங்க இங்க? ரிப்போர்ட்ல ஏதாவதா?"

"ரிப்போர்ட்லாம் நல்லாருக்கு மேடம். வேற ஒண்ணு சொல்லணும்."

சொன்னேன். மூன்று வாக்கியம். வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

அவர் முத்திரையைக் கீழே வைத்தார்.

"லீலா ஞானதுரை" என்றார். "ஒங்க வீட்டம்மாவா?"

"ஆமா."

"வாங்குன ஒவ்வொருத்தர் பேரையும் ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கேன். அந்தப் பேருக்கு மட்டும் நட்சத்திரம் போட்டிருக்கேன். நம்ம ஊர்னு." குரல் உயரவில்லை, அது நூலகம். "ரெண்டு வாரத்துக்கு மேலா என் கையப் பிடிச்சு ஊசி போட்டீங்க. நான் அழுததப் பாத்தீங்க. 'டெலிகிராம்ல கெடந்துது'ன்னு சொன்னீங்க. பாட்டப் போட்டதக்கூட விடுங்க. அதுதான் சார் என்னால தாங்க முடியல."

"தப்புதான் மேடம்."

"போயிருங்க. நாளைக்கு வேற யாரையாவது ஊசி போடச் சொல்லுங்க."

வெளியே வந்து பைக்கை உதைத்தேன். சாவி போடாமலே நாலு தடவை உதைத்திருக்கிறேன். வாட்ச்மேன் வந்து சொன்னார்.

ஜூன் 23, வெள்ளி

ஐந்தாம் படுக்கையை, கூட வேலை பார்க்கும் ஸ்டெபியிடம் கொடுத்தேன். ஏன் என்று கேட்டாள். "நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்றேன். மேலே கேட்கவில்லை. நல்ல பெண்.

ஜூன் 25, ஞாயிறு

குழுவில் எழுதினேன். பாளை ரசிகன் என்ற பெயரிலேயே.

'மாற்றுச் சாவி பாட்டுகளைப் போன வருடம் இங்கே ஏற்றியது நான். பாடினவரிடம் கேட்கவில்லை. அதற்குப் பின்னால் கம்பெனி எதுவும் இல்லை, இரண்டு பேர் மூன்று வருடம் உழைத்தது. அதை நீக்கிவிட்டேன். உங்களுக்குப் பிடித்திருந்தால் வாங்கும் இடம் இதோ.' கீழே அவர்களுடைய வெப்சைட் முகவரி.

நீக்கிவிட்டேன் என்று எழுதினேனே தவிர, என்ன நீக்கினேன்? ஏற்கெனவே ஒன்பதாயிரம் பேர் இறக்கிவிட்டார்கள். எட்டு வேறு குழுக்களில் இருக்கிறது. ஒருவர் உடனே அந்தக் கோப்பைத் திரும்ப ஏற்றி, "ரசிகர் மனம் திருந்திட்டாரு, நாம திருந்த வேண்டாம்" என்று சிரிப்புக்குறி போட்டார். முந்நூறு பேர் அதற்குச் சிரித்தார்கள்.

ஜூன் 27, செவ்வாய்

என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். "இது உபதேசம் பண்ற இடம் இல்ல" என்று அட்மின் ஒரு வரி அனுப்பியிருந்தார். ஆறு வருடம்.

மாலையில் என்ன செய்வது என்று தெரியவில்லை. பால் வாங்கி வந்தேன். பரணைத் துடைத்தேன். லீலா பார்த்துவிட்டு, "பத்தாம் வகுப்பு பேப்பர் நாப்பது கெடக்கு, நான் கூட்டுன மார்க்க ஒருக்கா சரிபாத்துத் தாறீங்களா?" என்றாள். கூட்டினேன். மூன்று பிள்ளைகளுக்கு அவள் குறைத்துக் கூட்டியிருந்தாள். கண்டுபிடித்துச் சொன்னேன்.

ஜூலை 5, புதன்

குழுவில் இல்லாவிட்டாலும் தனியாகச் செய்தி அனுப்ப முடியும் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. இன்று திறந்து பார்த்தால் நாற்பத்தாறு செய்தி.

பாதி திட்டு. மீதி அப்படி இல்லை. ஓமனில் டேங்கர் ஓட்டுகிற ஒருவர், பாலைவனத்தில் எட்டு மணி நேரம் அந்தப் பேருந்துப் பாட்டைத்தான் போட்டுக்கொண்டு போவாராம். காசு கட்டிவிட்டேன், பாடினவரிடம் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். மேட்டூரிலிருந்து ஒரு பெண், நாலாவது பாட்டின் வரிகளை எழுதித் தர முடியுமா, மகள் பள்ளியில் பாட வேண்டும் என்று கேட்டிருந்தார். பாடச் சொல்லலாமா என்று அனுமதியும் கேட்டிருந்தார்.

இவற்றை ரூபவதிக்கு அனுப்ப எனக்கு என்ன உரிமை? அவர் என்னோடு பேசி இரண்டு வாரம் ஆகிறது. லீலாவிடம் கொடுத்தேன். அவளுக்குத்தான் அந்த மெயில் முகவரி தெரியும். திட்டுகளையும் சேர்த்தே அனுப்பச் சொன்னேன்.

ஜூலை 14, வெள்ளி

ஸ்டெபி லீவு. ஐந்தாம் படுக்கைக்கு ஊசி போட, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் போனாள். முதல் ஊசி சரியாக இறங்கவில்லை. இரண்டாவது முறை குத்தியதில் நரம்பு துளைத்துக் கை வீங்க ஆரம்பித்துவிட்டது. அந்தப் பெண் பயத்தில் அழுதுவிட்டாள். நான் மூன்றாம் படுக்கை பக்கத்தில் நின்றேன். கூப்பிடாமல் போகக் கூடாது, போகாமல் இருக்கவும் முடியவில்லை.

"ஞானதுரை சாரக் கூப்பிடுங்க" என்றார் ரூபவதி.

போய் ஐஸ் வைத்தேன். அழுத்திப் பிடித்தேன். வீக்கம் நின்றதும் சற்று மேலே தள்ளி இடம் பார்த்தேன். ஊசியை எடுத்தேன், குத்தாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினோரு வருடத்தில் இல்லாத தயக்கம். அவர் அதைப் பார்த்தார்.

"சார், ஊசி வேற, அது வேற. போடுங்க."

போட்டேன். ஒரே தடவை.

அந்தப் புதுப் பெண்ணைப் பக்கத்தில் நிற்க வைத்து, எங்கே தவறியது என்று காட்டினேன். ரூபவதியும் கையைக் காட்டி, "பரவாயில்லம்மா, எனக்கும் மொத தடவ மைக் முன்னால தொண்டையே தொறக்கல" என்றார்.

ஜூலை 19, புதன்

ஸ்டெபி வந்துவிட்டாள். ஆனாலும் ஐந்தாம் படுக்கையிலிருந்து எனக்குத்தான் அழைப்பு.

இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அவரே ஆரம்பித்தார். "லீலாக்கா அனுப்புனதெல்லாம் படிச்சேன். இவங்கல்லாம் இவ்வளவு நாளா எங்க சார் இருந்தாங்க?"

"குழுவுலதான் மேடம்."

"அதான் எனக்குக் கோவம் வருது. நான் ஒருத்தி உக்காந்து வித்திருந்தா ஓமன் வரைக்கும் போயிருக்காது. அது எனக்கும் தெரியும். அதுக்காக ஒங்களுக்கு நன்றி சொல்லவும் முடியல."

"சொல்லாதீங்க."

"சொல்ல மாட்டேன். நீங்க கேட்டிருந்தா நானே ரெண்டு பாட்டு சும்மா குடுத்திருப்பேன், தெரியுமா? குழுவுல போடுங்கன்னு."

கேட்டிருந்தால். எனக்கு அது தோன்றவே இல்லை. பாட்டுக்குப் பின்னால் கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கும் என்றே தோன்றவில்லை.

மேட்டூர்ப் பெண்ணுக்கு வரிகளைத் தன் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். டேங்கர்காரரின் செய்தியை ஆல்வினுக்கும் அனுப்பியிருக்கிறார். ஆல்வின் பதில் எதுவும் எழுதவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை காலை நேராகப் போன் செய்து, "அந்தப் பாதி மெட்டு எந்தச் சுருதி?" என்று கேட்டாராம்.

சொல்லும்போது ரூபவதியின் இரத்த அழுத்தம் நன்றாக இருந்தது. குறித்துக்கொண்டேன்.

ஜூலை 23, ஞாயிறு

என் பென் டிரைவில் இருக்கிற பழைய படப் பாட்டுகளை என்ன செய்வது? எல்லாவற்றையும் அழித்துவிட்டேன் என்று எழுதலாம் என்று நோட்டைத் திறந்தேன். அழிக்கவில்லை. சவரிமுத்து அண்ணாச்சி நாளைக்குக் கேட்பார். மாதச் சந்தா கட்டிக் கேட்கிற ஒரு செயலியில் சேர்ந்திருக்கிறேன். அதில் பாதிப் பாட்டுதான் இருக்கிறது. மீதியைப் பென் டிரைவிலிருந்து போடுகிறேன். இது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. புதிதாக எதையும் இறக்குவதில்லை. இப்போதைக்கு இவ்வளவுதான் உண்மை.

ஆகஸ்ட் 4, வெள்ளி

ரூபவதியின் அக்கா சிறுநீரகம் தர முன்வந்து, இரத்தப் பரிசோதனை எல்லாம் பொருந்தியிருக்கிறது. இன்னும் சில சோதனை, மருத்துவக் குழுவின் ஒப்புதல், பிறகு மதுரையில் அறுவை சிகிச்சை. ஐந்தாம் படுக்கை அக்டோபருக்குள் காலியாகலாம். ஒரு படுக்கை இந்த விதத்தில் காலியாவதை இத்தனை வருடத்தில் நான் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பார்த்திருக்கிறேன்.

அதை வார்டில் சொன்னதும் சவரிமுத்து அண்ணாச்சி பாட்டு வேண்டும் என்றார். என் பென் டிரைவ் பாட்டு இல்லை. "அந்தப் புதுசு, நீயும் கிட்டார் தம்பியும் போட்டுக்கிட்டிருக்கீங்களாமே, அது."

"அது இன்னும் முடியல அண்ணாச்சி. ரெண்டாவது சரணமே இல்ல."

"ஒரு சரணத்துக்கு உள்ள டிக்கெட்டக் குடும்மா."

ரூபவதி சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "பாடலாமா சார்? பிரஷர் ஒண்ணும் செய்யாதே?"

"மெதுவாப் பாடுங்க. கைய மட்டும் அசைக்காதீங்க."

தலையணையை உயர்த்தி வைத்தேன். ஸ்பீக்கரை அணைத்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டபோது அண்ணாச்சி தன் போனை எடுத்தார். பதிவு செய்யும் பொத்தானுக்கு மேல் கட்டை விரல் போய்விட்டது. அங்கேயே நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"எம்மா, பிடிச்சுக்கிடட்டுமா? வேண்டாம்னா வச்சிருதேன்."

ரூபவதி யோசித்தார். மற்ற படுக்கைகளில் எல்லோரும் காத்திருந்தார்கள். புதுப் பெண் கையில் பஞ்சோடு அப்படியே நின்றாள்.

"பிடிச்சுக்கோங்க அண்ணாச்சி" என்றார். "ஒங்களுக்கு மட்டும். ஊருக்கெல்லாம் முடிஞ்ச பெறவு நானே தாறேன்."

பாடினார். இயந்திரத்தின் உறுமலுக்கு மேல் ஏறாத குரலில், ஒரு பல்லவி, ஒரு சரணம். எந்த அலாரமும் அடிக்கவில்லை.

முடிந்ததும் அண்ணாச்சி போனைக் காதில் வைத்துக் கேட்க ஆரம்பித்தார். ஆறாம் படுக்கைக்காரர் கையை நீட்டி, "எனக்கும் ஒண்ணு அனுப்பும்வே" என்றார்.

"அந்தா இருக்கா பாரும்," என்றார் அண்ணாச்சி, போனைக் காதிலிருந்து எடுக்காமலே. "அவளக் கேளும்."